பேனா கடையும் புஷ்ஷை வீட்டிலேயே செய்ய எந்தப் பொருள் நல்லது?

புஷ் என்பது பேனா மரத்தின் இரண்டு நுனியிலும் மாட்டி, எந்த அளவுவரை கடைய வேண்டும் என்று காட்டும் வளையம். கடைவதற்கு ஒரு சோடி, பூச்சுக்கு வேறொரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சோடியில் இரண்டையும் முடிக்கப் பார்த்து நான் கனகாலம் மினக்கெட்டேன்.

என் வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். முதல் சோடியை வள்ளத்துச் சாஃப்ட் கடைகிற பட்டறை அண்ணன் ஒருவர் மிஞ்சிய இரும்புத் துண்டில் செய்து தந்தார். உளி பட்டாலும் லேசில் தேயாது, அளவு நிற்கும். எண்ணெய் பூசாமல் விட்டால்தான் உப்புக்காற்றுக்குத் துரு ஏறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் சேன்ட் பேப்பர் போடும்போது வந்தது. முதிரை மரத்தில் ஒரு பேனா, தேன் நிறத்தில் அவ்வளவு வடிவாக வந்தது. இரண்டு நுனியிலும் ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குச் சாம்பல் வளையம்! இரும்புத் தூள் மர ரேகைக்குள் இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க புஷ்ஷிலிருந்து இன்னும் தூள் ஏறியதே தவிர, கறை போகவில்லை. கருங்காலி மாதிரிக் கறுத்த மரத்தில் இது தெரியாது. அலுமினியமும் வெளிர் மரத்தில் இதே கறையை விடும்.

பித்தளையை மர லேத்திலேயே ஸ்கிரேப்பரால் (சுரண்டும் உளியால்) கடையலாம், அதனால் வீட்டு வேலைக்கு என் தேர்வு அதுதான். மென்மையான உலோகம் என்பதால் உளி தொட்டால் அளவு குறையும். ஒவ்வொரு பேனாவுக்கும் வேர்னியர் வைத்துப் பாருங்கள். அளவை எடுப்பதும் பேனா கிட்டில் (உதிரிப்பாகப் பொதியில்) வந்த உறுப்பிலிருந்துதான், புஷ் அளவு அட்டவணையிலிருந்து அல்ல.

எந்த உலோகமானாலும் துளைதான் உயிர். மரத்தையும் புஷ்ஷையும் கோர்த்து லேத்தில் பிடிக்கும் வழக்கமான மாண்ட்ரல் கம்பி ஏறக்குறைய 6.25 மில்லிமீற்றர். கால் அங்குலத் துளை 6.35 வரும். அந்த 0.1 இடைவெளியே மரம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகப் போதும். "முதல்ல துளையப் போடுகா, பிறகு வெளிய கடை. நடுவில கழட்டிராத" என்றார் அந்த அண்ணன். ஒரே பிடியில் இரண்டையும் முடித்தால்தான் மையம் விலகாது.

பூச்சுக்கு, மீன் வெட்டும் தடித்த வெள்ளைப் பொலித்தீன் பலகை இருக்கிறதே, அதில் ஒரு துண்டு போதும். பேனாவுக்குப் பூசுகிற சுப்பர் குளூ அதில் பிடிக்காது. டெஃப்லான், டெல்ரின் பிளாஸ்டிக் கிடைத்தால் அவையும் நல்லவை. கையருகே கிடக்கிறதே என்று பிவிசி குழாயை எடுக்காதீர்கள், பசை இறுகப் பிடித்துக்கொள்ளும், நைலோனும் அப்படித்தான். உலோகப் புஷ்ஷோடு ஒட்டிய பேனாவைக் கழற்றப் போய், கண்ணாடி போல வந்திருந்த பூச்சு நுனியில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்ததைப் பார்த்தவன் நான்.

அந்தத் துண்டைக் கூம்பாகக் கடையுங்கள். நுனி, மரத்துக்குள் ஒட்டியிருக்கும் பித்தளை ரியூப்பின் வாய்க்குள் போய்த் தானாக மையத்தில் உட்காரும், மரத்தைத் தொடாது. 7 மில்லிமீற்றர் ரியூப்புக்குச் செய்த அதே கூம்பு பெரிய ரியூப்புகளுக்கும் பொருந்தும்.