ஏவிஐ டிஸ்க்கில் சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை

வணக்கம். அம்மாவின் பழைய டிவிடி பிளேயர் மேல் 'ஏவிஐ' என்று போட்டிருந்தும், கல்யாண வீடியோவில் சத்தம் மட்டும் வருகிறது, கணினியில் விஎல்சி பிளேயரில் பார்த்தால் கோடெக் (படத்தைச் சுருக்கிய முறை) எச்.264 என்று காட்டுகிறது என்கிறீர்கள். லென்ஸ் மாற்றப் பணம் கொடுத்துவிடாதீர்கள். சத்தம் வருகிறது என்றாலே லென்ஸ் டிஸ்க்கைப் படிக்கிறது.

ஏவிஐ வெறும் உறைதான். உள்ளே டிவ்எக்ஸ், எக்ஸ்விட் முறையில் சுருக்கிய படம் இருந்தால்தான் அந்தக் காலத்து பிளேயரின் சிப் விரிக்கும், எச்.264 அதற்குத் தெரியாது.

டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருள் இலவசம். அதில் 'பால்' (PAL, நம் ஊர் டிவி முறை), 720×576 வைத்து எழுதுங்கள். படம் எம்பெக்-2 ஆக மாறி, விஓபி கோப்புகளாக 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரில் உட்காரும். எந்த டிவிடி பிளேயரும் படிக்கும் வடிவம் இதுதான். ஏவிஐ கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதினால் பழைய தொல்லையே திரும்பும்.

4.7 ஜிபி டிஸ்க்கில் 2 மணி நேரத்துக்கு மேல் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் 3 மணி நேர வீடியோவுக்கு இரண்டு டிஸ்க் போடுங்கள். பெங்களூரில்தானே இருக்கிறீர்கள், எஸ்.பி. ரோட்டில் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் கேட்டு வாங்குங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வேண்டாம், அதன் பிரதிபலிப்பு குறைவு, பழைய லென்ஸ் திணறும். 8எக்ஸ் வேகம் போதும். கடைசியில் 'ஃபைனலைஸ்' (எழுதி முடித்த டிஸ்க்கை மூடுவது) கட்டாயம். விட்டால் பிளேயர் 'நோ டிஸ்க்' காட்டும்.