முறுக்கு மூங்கில் ஏன் நிமிர்ந்து வளருது?

கேள்வி: விறாந்தையில் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டு 'லக்கி பாம்பூ' வைத்திருக்கிறேன். வாங்கும்போது தண்டில் மூன்று சுற்று இருந்தது. இப்போது வரும் தளிர் நேராகப் போகிறது, இலை நுனியும் கருகுகிறது. இனம் மாறிவிட்டதா?
- ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: இனம் மாறவில்லை அம்மா. அந்த முறுக்கு பிறவியிலேயே வந்ததல்ல, ஆள் வைத்துச் செய்தது. பெயர்தான் மூங்கில், உண்மையில் இது ஆபிரிக்காவிலிருந்து வந்த திரசீனா.

தளிர் எப்போதும் வெளிச்சத்தைத் தேடித்தான் வளையும். ஒட்சின் என்ற ஓமோன் நிழற்பக்கம் ஒதுங்க, அந்தப் பக்கத்துக் கலங்கள் கூடுதலாக நீளும். தண்டு மற்றப்பக்கம் சாயும். வளர்ப்பவர்கள் வெளிச்சத்தை ஒரு பக்கத்தால் மட்டும் விட்டு, சாடியை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு சுற்று விழவே பல மாதம் போகும். விலை ஏன் அப்படி என்று இப்போது விளங்கும்.

உங்கள் விறாந்தையில் வெளிச்சம் நாலாபக்கத்தாலும் வருகிறது போல, அதுதான் தளிர் நிமிர்ந்துவிட்டது. ஒரு மட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, திறந்த பக்கம் யன்னலைப் பார்க்க, போத்தலை உள்ளே வையுங்கள். நேர்வெயில் படக்கூடாது. தளிர் சாய்ந்தது தெரிந்த பிறகு கொஞ்சம் திருப்புங்கள், எப்போதும் ஒரே திசையில். முற்றின தண்டு இனி வளையாது. கையால் முறுக்கினால் முறிந்துவிடும்.

நுனி கருகுவதற்கு நான் கிணற்றுத் தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன். எங்கள் யாழ்ப்பாண மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பாருங்கள், அதே சுண்ணாம்பும் உப்பும்தான் போத்தலுக்குள்ளும் சேருகிறது. மாரியில் மழைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்து, அதை விடுங்கள். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றும்போது போத்தலின் உட்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவு மினக்கேடு வேண்டாம் என்றால், இலை முறுகும் குறோட்டன் ஒன்று வையுங்கள். அதன் முறுக்கு பிறவிக்குணம். தடி வெட்டி நட்டால் தாயைப் போலவே வரும், விதையில் அப்படி வராது. நல்ல வெயில் பட்டால் நிறமும் எடுக்கும். எனக்கென்றால் அதுதான் விருப்பம். ஆனால் பக்கத்தில் நிற்கும் மிளகாய்க் கன்றிலும் இலை சுருண்டால் அழகென்று விட்டுவிடாதீர்கள். இலையைப் பிரட்டிப் பனிப்பூச்சி, சிற்றுண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.