ஆமைப் பூட்டு, சங்கிலி, உப்புக்காற்று: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரவில் மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில்தான் நிறுத்துகிறேன். சங்கிலி போட்டு ஆமைப் பூட்டால் பூட்டுவேன். அமுக்கினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை. பக்கத்து வீட்டுப் பையன், "அங்கிள், இதை சோடா டின் தகட்டாலேயே திறக்கலாம்" என்கிறான். உண்மையா? உள்ளே என்னதான் இருக்கிறது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: பூட்டைத் திறந்து, வளையத்தின் (உடலுக்கு மேலே வளைந்து நிற்கும் கம்பியின்) இரண்டு கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். குட்டைக் காலில் மட்டும் வெட்டு இருந்தால் பூட்டு அந்த ஒரு காலைத்தான் பிடிக்கிறது. இரண்டு கால்களிலும் நேருக்கு நேர் வெட்டு இருந்தால் இரண்டையும் பிடிக்கிறது. பிறகு வெட்டின் உருவத்தைக் கவனியுங்கள். தட்டையாக, கத்தியால் சீவியது மாதிரி இருந்தால் உள்ளே இருப்பது ஸ்பிரிங் நாக்கு. அரைவட்டமாகக் குழிந்திருந்தால் பெரும்பாலும் உருக்குக் குண்டு.

ஸ்பிரிங் நாக்கின் மேல்முனை சரிவானது. வளையத்தை அமுக்கும்போது காலின் நுனி அந்தச் சரிவில் பட்டு நாக்கை உள்ளே தள்ளும். வெட்டு நேரே வந்ததும் நாக்கு வெளியே பாய்ந்து பிடித்துக்கொள்ளும். திறப்பே இல்லாமல் வளையத்தின் காலால் நாக்கைத் தள்ள முடிகிறதல்லவா? காலுக்கும் பூட்டின் உடலுக்கும் இடையிலுள்ள சந்தில் நுழையும் மெல்லிய தகட்டாலும் அது முடியும். பையன் சொன்னது இந்த வகைக்குப் பொருந்தும்.

குண்டுப் பூட்டின் கதை வேறு. நடுவில் ஒரு சுழல்கட்டை, அதன் இருபுறமும் ஒவ்வொரு குண்டு. பூட்டிய நிலையில் கட்டையின் அகன்ற பக்கங்கள் குண்டுகளைக் கால்களின் குழிகளுக்குள் அழுத்திக்கொண்டு நிற்கும். குண்டு பின்வாங்க இடமே இல்லை. தகடு உள்ளே போனாலும் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. திறப்பைத் திருப்பும்போது கட்டையும் திரும்பி, அதன் குழிந்த பக்கங்கள் குண்டுகளுக்கு நேரே வரும். நீண்ட காலின் அடியிலுள்ள ஸ்பிரிங் வளையத்தை மேலே தள்ள, குண்டுகள் தாமாக உள்ளே ஒதுங்கும்.

கட்டையைத் திருப்ப விடுவதா இல்லையா என்பதை முடிவு செய்வது திறப்புத் துளையைச் சுற்றியுள்ள உருளை. அதில் சாதாரணமாக நாலைந்து துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், அதன் மேல் இன்னொரு பின், அதற்கும் மேல் ஒரு ஸ்பிரிங். சரியான திறப்பின் ஏற்ற இறக்கங்கள் எல்லாச் சோடிகளையும், அவை பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே மட்டத்துக்கு வரும்படி உயர்த்தும். ஒரு சோடி மட்டம் தவறினாலும் மேல் பின் குறுக்கே நின்று உருளையைத் திரும்ப விடாது. தட்டைத் திறப்போடு இந்த அமைப்பை 1860களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் இளையவர் காப்புரிமை பெற்று நிலைநாட்டினார். இன்று கொழும்புக் கடையில் தொங்கும் பித்தளைப் பூட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வழிவந்தவைதான்.

இரண்டு காலையும் பிடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு காலை மட்டும் பிடிக்கும் பூட்டில் வளையத்தை ஓரிடத்தில் அறுத்தால் போதும், மிச்சத்தைச் சுழற்றி விடலாம். இரண்டையும் பிடித்திருந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் அறுக்க வேண்டிவரும்.

கேள்வி: கடைக்காரர் "50 பூட்டு, 60 பூட்டு" என்கிறார். அது எதன் அளவு?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பூட்டு உடலின் அகலம், மில்லிமீற்றரில். திருடன் பார்ப்பது அதையல்ல, வளையக் கம்பியின் தடிப்பை. சாதாரணப் பித்தளைப் பூட்டில் 40 என்றால் வளையம் ஏறக்குறைய 6 மி.மீ., 50 என்றால் 8, 60 என்றால் 9 அல்லது 10. உடல் பெரிதாகவும் வளையம் ஒல்லியாகவும் இருக்கும் பூட்டுகள் நிறைய உண்டு. கையில் எடுத்தால் கனமாக இருப்பதால் ஏமாந்து விடுகிறோம். வளையத்தில் 'ஹார்டன்ட்' (பதப்படுத்திக் கடினமாக்கியது) என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பழைய சோனகத் தெருவில் 8 மி.மீ. கல்வனைஸ் சங்கிலி அடிக்கணக்கில் வெட்டித் தருகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அது போதாதா? பூட்டுக் கம்பனிச் சங்கிலி ஏன் அவ்வளவு விலை?
— வாசகர், தெமட்டகொட

பதில்: அடிக்கணக்கில் கிடைப்பது பாரம் கட்டவும் கேற்றைச் சாத்தி வைக்கவும் செய்த மென்னுருக்கு. துத்தநாகப் பூச்சு துருவைத்தான் தடுக்கும், அறுக்கும் வாளைத் தடுக்காது. இரும்பு வாள் அதில் நன்றாக ஓடும். இரண்டு அடிப் போல்ட் கட்டருக்கு 8 மி.மீ. ஒரு பொருட்டே அல்ல. பாதுகாப்புச் சங்கிலியின் விலை, அதைச் சூடாக்கிப் பதப்படுத்துவதில் இருக்கிறது. மேல்தோல் மிகக் கடினமாகவும் உட்பகுதி முறியாத இழுவைத்தன்மையோடும் இருக்க வேண்டும். முழுவதும் ஒரே கடினமாக இருந்தால் சுத்தியல் அடிக்கு நொறுங்கிவிடும்.

கடையில் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு புதிய அரத்தைக் கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஓரக் கண்ணியில் மெதுவாக ஒருமுறை உரசுங்கள். பதப்படுத்திய உருக்கில் அரம் வழுக்கிப் போகும். சாதாரண இரும்பில் கடித்து, வெள்ளையாகத் துகள் விழும். பூச்சைத் தாண்டி உரசவேண்டும், இல்லாவிட்டால் பூச்சைத்தான் சோதித்தவராவீர்கள். கண்ணிகள் பற்றவைத்து ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வளைத்து நுனிகளைச் சேர்த்துவைத்ததோடு விட்ட சங்கிலியை நெம்புகோல் ஒன்று போதும், திறந்துவிடும்.

தடிப்பு கொஞ்சம் கூடினாலும் பலன் அதிகம். கம்பியின் வெட்டுமுகம் 6 மி.மீ.யில் சுமார் 28 சதுர மி.மீ., 8இல் 50, 10இல் 79, 12இல் 113. இருமடங்கு தடிப்புக்கு நாலு மடங்கு இரும்பு. சதுரக் கம்பிச் சங்கிலியில் 10 மி.மீ.க்கே 100 சதுர மி.மீ. கிடைக்கிறது, கட்டரின் வாய்க்கும் அதைப் பிடிப்பது சிரமம். இன்னொன்று: ஒல்லிக் கண்ணியை ஒரு பக்கம் வெட்டினால் வளைத்துத் திறந்துவிடலாம். தடித்த கண்ணியில் இரண்டு பக்கமும் வெட்டியாக வேண்டும்.

எடையும் கூடவே ஏறும். மீற்றருக்கு 8 மி.மீ. சங்கிலி சுமார் 1.4 கிலோ, 10 மி.மீ. 2.2 கிலோ, 12 மி.மீ. 3 கிலோவுக்கு மேல். தினமும் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் 10க்கு மேல் போகாதீர்கள். வீட்டிலேயே கிடக்கும் சங்கிலிக்கு எடை ஒரு குறையல்ல. மின் கிரைண்டரின் முன் எந்தச் சங்கிலியும் நிரந்தரமாகத் தாங்காது. அங்கே நாம் வாங்குவது நிமிடங்களையும் சத்தத்தையும்தான்.

நல்ல சங்கிலி வாங்கியும் கட்டுகிற விதத்தில் கோட்டைவிடுபவர்களே அதிகம். சங்கிலி நிலத்தில் கிடந்தால் கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியில் முழு உடம்பின் பாரத்தையும் போடலாம். கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கலாம். அந்தரத்தில் இறுக்கமாக நின்றால் இரண்டுக்கும் பிடிமானம் இல்லை. முன்சில்லில் மாட்டாதீர்கள், அது கழற்றக்கூடியது. பின்சில்லோடு வண்டியின் சட்டத்தையும் சேர்த்து, அசையாத தூணில் சுற்றுங்கள். ஒரு நுனியில் பெரிய வளையம் உள்ள சங்கிலியானால் மறுநுனியை அதற்குள் விட்டுச் சுருக்குப் போடலாம், நீளம் மிச்சமாகும். பூட்டையும் சங்கிலிக்குள் நெருக்கமாக இழுத்து வையுங்கள். வளையத்தில் காலி இடம் இருந்தால்தான் கட்டரின் வாய் நுழையும்.

வாங்கப் போகும்போது பூட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கடைசிக் கண்ணியில் வளையம் நுழையாமல் வீட்டுக்கு வந்து விழிப்பது வழக்கமாக நடப்பது. 12 மி.மீ. சங்கிலிக்கு 6 மி.மீ. வளையப் பூட்டுப் போட்டால் நீங்கள் பூட்டியிருப்பது 6 மி.மீ.யில்தான்.

கேள்வி: ஒரே கேற்றுக்குள் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு திறப்பை மூன்றாக வெட்டினால் யாராவது தொலைத்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு பூட்டுப் போட்டு, யார் வந்தாலும் திறக்கும்படி செய்ய முடியுமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முடியும், சங்கிலி இருப்பதால்தான் முடியும். சங்கிலியின் இடது நுனியில் முதல் பூட்டின் வளையம். அந்த வளையத்துக்குள் இரண்டாவது பூட்டின் வளையம். அதற்குள் மூன்றாவது. மூன்றாவதின் வளையத்தில் சங்கிலியின் வலது நுனி. இப்போது பூட்டுகளும் சங்கிலியின் கண்ணிகளாகிவிட்டன. எந்த ஒன்றைத் திறந்தாலும் தொடர் அறும், கேற் திறக்கும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. மூன்று பூட்டையும் தனித்தனியாகச் சங்கிலியின் இரு நுனிகளையும் சேர்த்துப் போட்டால் மூன்றையும் திறந்தால்தான் கேற் திறக்கும். மற்றது, இரவில் அவசரமாகப் பூட்டுபவர் தன் பூட்டை அடுத்த பூட்டின் வளையத்தில் மாட்டாமல் நேரே சங்கிலிக் கண்ணியில் மாட்டிவிடுவது. அடுத்தவர் பூட்டு வெறுமனே தொங்கும், அவர் வெளியே நிற்பார். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு நிறப் பெயின்ட் பூசி, வரிசையைக் கேற்றிலேயே எழுதி வையுங்கள். மூன்றும் ஒரே தரத்தில் இருக்கட்டும். யாராவது ஒருவர் மலிவானதைப் போட்டால் மூன்று வீட்டுக்கும் அதுதான் பூட்டு.

கேள்வி: இலக்கப் பூட்டு பாதுகாப்பானதா? திறப்பே தேவையில்லையே.
— மாணவர், மருதானை

பதில்: மூன்று சில்லு என்றால் 1000 சேர்க்கை, நாலு என்றால் 10,000. மலிவானவற்றில் வளையத்தை இழுத்துப் பிடித்துச் சில்லுகளைத் திருப்பினால் சரியான இலக்கம் கையிலேயே தட்டுப்படும், எல்லாச் சேர்க்கையையும் முயல வேண்டியதில்லை. பாடசாலை அலுமாரிக்குப் போதும். சைக்கிளுக்கு வேண்டாம்.

கேள்வி: என் திறப்பால் பக்கத்துக் கடைக்காரரின் பூட்டு திறந்தது. இரண்டும் ஒரே பிராண்ட். கம்பனி ஒரே திறப்பைப் பலருக்கும் விற்கிறதா?
— வியாபாரி, புறக்கோட்டை

பதில்: விற்கிறது, வேறு வழியில்லை. ஐந்து பின், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரம் என்றால் ஏட்டுக் கணக்கில் 7776 வகை. நாலு பின்னும் ஐந்து உயரமும் என்றால் வெறும் 625. அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையில் பெரிய ஏற்ற இறக்கம் இருந்தால் திறப்பு சரியாக நுழையாது என்பதால் அவற்றிலும் ஒரு பகுதி கழிந்துவிடும். இலட்சக்கணக்கில் பூட்டுச் செய்யும்போது திறப்புகள் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

உங்கள் விடயத்தில் தேய்மானமும் சேர்ந்திருக்கலாம். பழைய பூட்டில் துளைகள் அகன்று, பின் மட்டம் கொஞ்சம் பிசகினாலும் உருளை திரும்பிவிடும். தேய்ந்த திறப்பு, கிட்டத்தட்டப் பொருந்தும் பூட்டுகளையும் ஏமாற்றும். இருவரும் பூட்டை மாற்றுங்கள், ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். திறப்புப் பிரதி வெட்டும்போது கம்பனி தந்த முதல் திறப்பையே மாதிரியாகக் கொடுங்கள். பிரதியைப் பார்த்து வெட்டிய பிரதியில் பழைய பிழையும் புதிய பிழையும் சேர்ந்து வரும்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. ஆறு மாதத்தில் பூட்டு இறுகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் சில நாள் வேலை செய்யும், பிறகு இன்னும் மோசம்.
— வாசகர், தெஹிவளை

பதில்: தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி, பின்களைத் துளையிலேயே ஒட்டவைக்கும். இனி விடவேண்டாம். பித்தளை உடல் துருப்பிடிக்காதுதான். ஆனால் வளையமும் குண்டுகளும் உருக்கு. சங்கிலி உரசி வளையத்தின் குரோம் பூச்சு கீறிய இடத்தில் உப்பு தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு உள்ளே ஊரும். தகடுகளை அடுக்கிச் செய்த உருக்குப் பூட்டு உங்கள் பக்கத்துக்கு ஒத்துவராது, தகடுகளின் இடுக்கில் தண்ணீர் நிற்கும்.

இறுகிய பூட்டைத் திறக்கக் குறடு போட்டு முறுக்காதீர்கள், திறப்பு ஆழமான வெட்டில் முறியும். டபிள்யூ.டி. 40 போன்ற தெளிப்பானைத் திறப்புத் துளையிலும் வளையத்தின் இரு ஓட்டைகளிலும் அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். உடலின் பக்கத்தில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். திறப்பை இருபது முறை செருகி எடுத்து, ஒவ்வொரு முறையும் கறுப்பைத் துடையுங்கள். பிறகு வளையத்தை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். வளையம் மேலே இழுபட்டிருந்தால் குண்டுகள் குழியின் ஓரத்தில் நெரிபடும், அமுக்கினால் விடுபடும்.

திறந்ததும் மண்ணெண்ணெயை உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து, தெளிவாக வரும்வரை கழுவி, ஒரு பகல் காயவிடுங்கள். காய்ந்த பின் துளைக்குள் டெஃப்லோன் தெளிப்பான், வளையத்தின் கால்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி. பென்சில் கரியும் உலர்ந்த இடங்களில் நல்லதுதான், ஆனால் உப்புக்காற்றில் கரியும் உலோகமும் சேர்ந்தால் அரிப்பு கூடும். எண்ணெய் இருக்கும் பூட்டில் கரி போட்டால் அதுவும் சேறாகிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் கட்டாயம். பூட்டிய பிறகு திறப்புத் துளை நிலத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். சங்கிலியில் பூட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தோ தலைகீழாகவோ கிடந்தால் மழை நேரே உள்ளே இறங்கும். அடியில் சிறு ஓட்டை இருந்தால் அது தண்ணீர் வடிவதற்கு, மெழுகு வைத்து அடைத்துவிடாதீர்கள். சங்கிலிக்குத் துணி உறையோ பழைய சைக்கிள் டியூப்போ போட்டிருந்தால் இரு நுனிகளையும் திறந்தே விட்டு, மழைக்குப் பின் உருவி உலர்த்துங்கள்.