தமிழில் எழுதலாம், ஆனால் கேள்வித்தாள் தமிழில் வராது

கேள்வி: எனக்கு 24 வயது. பள்ளிப் படிப்பும் பி.காமும் தமிழ் வழியில்தான். திண்டுக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கர் வேலை. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். யுபிஎஸ்சி (மத்தியத் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப்பணித் தேர்வுக்குத் தயாராக வேண்டும். வேலையை விட்டுவிட்டு டெல்லிக்கோ சென்னைக்கோ போய்விடலாமா? தினமும் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? தமிழிலேயே எழுதலாம் என்கிறார்களே, உண்மையா? வரும் பிரிலிம்ஸை, அதாவது முதல்நிலைத் தேர்வை, சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கட்டுமா?

பதில்: நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதாகப் போகிற போக்கில் கேட்ட தமிழ் பற்றிய கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மெயின்ஸ் எனப்படும் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம். கட்டுரைத் தாள், நான்கு பொதுப்பாடத் தாள்கள், விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கலைச்சொல்லைத் தமிழில் எழுதிவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் போட்டுக்கொள்ள விதியில் இடம் உண்டு. நேர்முகத் தேர்வையும் தமிழில் எதிர்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆக, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்.

ஆனால் அதைச் சொன்னவர்கள் மறுபாதியைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். பிரிலிம்ஸிலும் அப்படித்தான், மெயின்ஸிலும் அப்படித்தான். தமிழ் மொழித் தாளும், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் அந்த இரண்டு தாள்களும்தான் விலக்கு. இந்தி தெரிந்தவருக்குத் தன் மொழியிலேயே கேள்வி கிடைக்கிறது, நமக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பதுதான் என் பதில். அதைப் பற்றித் தனியாகச் சண்டை போட வேண்டும். ஆனால் உங்கள் தயாரிப்பை இன்றிருக்கும் விதியை வைத்துத்தான் திட்டமிட முடியும்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரிலிம்ஸில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. படிக்கிறோம், வட்டத்தைக் கருப்பாக்குகிறோம், அவ்வளவுதான். முழுக்க முழுக்க ஆங்கில வாசிப்பில் நிற்கிற தேர்வு அது. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் மெயின்ஸில் எந்த மொழியில் எழுதுவது என்றே மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்துக்கு வேலை வருவதற்கு முன்பே பிரிலிம்ஸ் அவர்களை வெளியே அனுப்பிவிடுகிறது. 2024 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 9.92 லட்சம் பேர். பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5.83 லட்சம். மெயின்ஸுக்குப் போனவர்கள் 14,627 பேர். நேர்முகத்துக்கு 2,845 பேர், கடைசிப் பட்டியலில் 1,009 பேர். பெரிய வடிகட்டல் எங்கே நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதிலும் என் கவலை இரண்டாவது தாளைப் பற்றித்தான். சிசாட் என்கிறார்களே, அது. 80 கேள்வி, 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும். இந்த மதிப்பெண் வேறு எதற்கும் கணக்கில் வராது. 'வெறும் தகுதித் தாள்தானே' என்று எல்லாரும் அலட்சியமாகச் சொல்வது இதனால்தான். அந்த 66-ஐ எடுக்காவிட்டால் முதல் தாளில் நீங்கள் எவ்வளவு எடுத்திருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். சரியான விடைக்கு 2.5, தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. 50 கேள்விக்கு விடை போட்டு 32 சரி, 18 தவறு என்று வைத்துக்கொள்வோம். சரியானவற்றுக்குக் கிடைக்கும் 80-இல், தவறுகளுக்கு 15 போனால் 65. ஒரு மதிப்பெண்ணில் ஒரு வருடம் போய்விடும். என்னிடம் வந்தவர்களில் முதல் தாளில் தேறிவிட்டு இங்கே விழுந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

சிசாட்டில் பத்தாம் வகுப்பு அளவுக் கணக்கு, தர்க்கம், ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பொருள் சொல்வது ஆகியவை கலந்து வரும். கணக்கர் என்பதால் எண்கள் உங்களைப் பயமுறுத்தாது, அது நல்லது. ஆனால் பத்திகளில் நான்கு விடையும் சரி போலவே தெரியும். ஆசிரியர் சொன்னது எது, நாமாக ஊகித்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தாய்மொழியிலேயே சிரமமான வேலை இது.

அதனால் உங்கள் முதல் நான்கைந்து மாதம் ஆங்கில வாசிப்புக்கே. இலக்கண வகுப்பு, பேச்சு ஆங்கிலப் பயிற்சி எதிலும் சேர வேண்டாம். இந்தத் தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலம் அதுவல்ல. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்பு வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல், புவியியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் இரண்டு பிரதிகளையும் எதிரெதிரே விரித்து வையுங்கள். ஒரு பத்தியை முதலில் ஆங்கிலத்தில் படித்துப் பொருள் என்ன என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தமிழில் சரிபாருங்கள். ஃபிஸ்கல் டெஃபிசிட்தான் நிதிப் பற்றாக்குறை, ஜுடிஷியல் ரிவ்யூதான் நீதிப்புனராய்வு என்று சொற்கள் ஜோடி ஜோடியாக உட்காரும். ஒரு நோட்டில் அந்த ஜோடிகளை எழுதிக்கொண்டே வாருங்கள். மெயின்ஸைத் தமிழில் எழுதும்போது அந்த நோட்டுதான் உங்கள் மூலதனம். மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகங்கள் தமிழில் இல்லை. அவற்றுக்கு இதற்கு அடுத்துப் போகலாம். ஆங்கில நாளிதழும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தலையங்கப் பக்கம், அரசின் கொள்கை முடிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் போதும். கட்சிச் சண்டைகளை இந்தத் தேர்வு கேட்பதில்லை.

இனி பொதுப்பாடக் கேள்விகள் வரும் முதல் தாள். 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறுக்கு 0.66 கழியும். இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.) பிரிவுக்கான கட்-ஆஃப், அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், 2024-இல் 87.28, அதற்கு முந்தைய ஆண்டு 74.75. அதாவது 200-க்கு நூறைக்கூடத் தொட வேண்டியதில்லை. இதைப் பார்த்துவிட்டு 'எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன்' என்று இறங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். 65 கேள்விக்கு மட்டும் விடை போட்டு 50 சரி என்றால் 90 வருகிறது. 80 கேள்விக்குப் போட்டு 52 சரி என்றால் சுமார் 85. இரண்டு விடை கூடுதலாகத் தெரிந்தவர் வெளியே நிற்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை; இது வெறும் கணக்கு. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து மீதி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் மெல்லிய லாபம். ஆனால் 2023-இல் தொடங்கி, 'மேலே உள்ளவற்றில் எத்தனை சரி' என்று கேட்டு, ஒன்று மட்டும், இரண்டு மட்டும் என விடைகளைத் தரும் கேள்விகள் நிறைய வருகின்றன. அங்கே இந்தக் கழித்துக்கட்டும் வித்தை செல்லாது. தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதை மாதிரித் தேர்வுகளில்தான் பழக முடியும்.

எத்தனை மணி நேரம் என்றீர்கள். பதினாறு மணி நேரம் படித்தேன் என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேலைக்குப் போகும் நீங்கள் காலையில் இரண்டு மணி நேரம், இரவில் ஒன்றரை, ஞாயிறு முழுநாள் என்று ஒதுக்கினாலே முதல் எட்டு, ஒன்பது மாதத்துக்கு ஏராளம். அந்தக் காலத்தில் ஆங்கில வாசிப்பும், சிசாட்டும், அரசியலமைப்பு, நவீன இந்திய வரலாறு, பொருளாதாரம், புவியியல் ஆகியவற்றின் அடிப்படையும் முடியும். பிரிலிம்ஸுக்கு ஐந்தாறு மாதம் இருக்கும்போது வேலையைப் பற்றி யோசியுங்கள், இப்போது வேண்டாம். சம்பளம் நின்ற மறுமாதமே வீட்டில் பேச்சு மாறும். அந்தப் பேச்சோடு படிப்பது ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதைவிடக் கஷ்டம்.

டெல்லி வேண்டாம். பழைய ராஜிந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் கிடைக்கும் வகுப்புகளும் குறிப்புகளும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, அங்கே கொடுக்கும் அறை வாடகை மிச்சம். தவிர, அங்கே நடப்பது ஆங்கில, இந்தி வழி வகுப்புகள்தான். தமிழில் எழுதும் விடைத்தாளைத் திருத்திக் கொடுக்க ஆள் கிடைக்காது. சென்னை என்றால் உடனே அண்ணா நகர் கோச்சிங் மையங்களுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். பசுமைவழிச் சாலையில் தமிழ்நாடு அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால் தங்கிப் படிக்கலாம். கோவையிலும் மதுரையிலும் பல்கலைக்கழகங்களோடு இணைந்து அண்ணா நூற்றாண்டுப் பயிற்சி நிலையங்கள் உண்டு. மதுரை உங்களுக்குப் பக்கம்தானே. நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பிரிலிம்ஸ் தயாரிப்புக்கு மாதம் ₹7,500 வீதம் பத்து மாதம் தருகிறார்கள். பிரிலிம்ஸில் தேறினால் ₹25,000 தனியாக. வேலையை விடுவது பற்றிய கணக்கையே இது மாற்றிவிடும். முதலில் இந்த மதிப்பீட்டுத் தேர்வைக் குறிவையுங்கள்.

'சும்மா எழுதிப் பார்ப்பது' பற்றி. விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் வாய்ப்பு கழியாது. ஆனால் ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலும் ஒரு வாய்ப்பு போய்விட்டது என்றுதான் கணக்கு. பொதுப் பிரிவுக்கு ஆறு வாய்ப்பு, 32 வயது வரை. உங்களுக்கு ஒன்பது வாய்ப்பு, 35 வயது வரை. ஒன்றை இழந்தால் குடி முழுகாது, இருந்தாலும் சும்மா எழுதுவதற்கு அந்த மண்டபத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. தேர்வு முடிந்ததுமே கேள்வித்தாள் வெளியே கிடைத்துவிடும். வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்.

அந்த ஒன்பதும் 35-உம் ஒரு சான்றிதழில் தொங்குகின்றன. இதில் ஏமாந்தவர்கள் உண்டு. மாநில அரசு தரும் பி.சி. சாதிச் சான்றிதழ் யுபிஎஸ்சிக்குச் செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதிலும் இருக்கும் என்பதில்லை. இருந்தால் மத்திய அரசு படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்ல என்ற குறிப்போடு தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது எந்தத் தேதிக்குப் பின், எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது ஒவ்வோர் ஆண்டின் அறிவிக்கையிலும் இருக்கும். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலையும் வேலை வேண்டாம்.

மெயின்ஸ் பற்றி இப்போது இரண்டே விஷயம். தமிழ்த் தாள், ஆங்கிலத் தாள் இரண்டும் தலா 300 மதிப்பெண், இரண்டிலும் 25 சதவீதம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றத் தாள்கள் வீண். விருப்பப் பாடமாக வணிகவியலா, தமிழ் இலக்கியமா என்று அப்புறம் கேட்பீர்கள். இரண்டின் பழைய கேள்வித்தாள்களையும் பார்த்து, எதைப் பொழுதுபோக்காகக்கூடப் படிப்பீர்கள் என்று உங்களையே கேளுங்கள். என் சாய்வு தமிழ் இலக்கியத்தின் பக்கம். 500 மதிப்பெண்ணுக்குக் கேள்வியும் நம் மொழியிலேயே வருகிறது என்பது சிறிய சலுகை அல்ல.

இதற்கெல்லாம் நடுவே டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 அறிவிப்புகளையும் விடாதீர்கள். பாடங்கள் பெருமளவு ஒன்றுதான், கேள்வி தமிழிலும் வரும், முதல்நிலையில் தவறான விடைக்குக் கழிவு இல்லை, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. அதைத் தோற்றவர்களின் வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, இந்த ஞாயிறு செய்ய வேண்டியது ஒன்று. ஆணையத்தின் இணையதளத்திலிருந்து போன ஆண்டின் இரண்டு தாள்களையும் அச்செடுங்கள். காலை 9.30 முதல் 11.30 வரை முதல் தாள், மதியம் 2.30 முதல் 4.30 வரை சிசாட், உண்மைத் தேர்வின் நேரப்படியே. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதல் தாளில் 40 வந்தாலும் கலங்க வேண்டாம், இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை. சிசாட் பத்திகளில் எத்தனை நேரம் போதாமல் விட்டது, எத்தனை புரியாமல் விட்டது என்று மட்டும் தனித்தனியாக எண்ணி எனக்கு எழுதுங்கள். வேலையை விடுவது பற்றி அந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.