கேஸ் தீர்ந்துபோகாது: பழைய ஃபிரிட்ஜை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

கேள்வி: எங்கள் 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்கு 13 வயது. சரியாகக் குளிரவில்லை. கேஸ் குறைந்துவிட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். போன வருடமும் இதையே சொல்லித்தான் நிரப்பினார். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு 2,000 ரூபாய் கழிப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா தனக்குக் கொடுக்கும்படி கேட்கிறார். கூடவே மாமியாரின் 20 வருடக் கிரைண்டரையும் தள்ளிவிடலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: முதலில் அந்தக் கேஸ் விஷயத்தைப் பேசிவிடுவோம். இருபத்தைந்து வருடமாக ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன், மக்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டரில் இருப்பதைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை இல்லையென்றால் இருபது வருடமானாலும் குறையாது. போன வருடம் நிரப்பியது இந்த வருடம் இல்லையென்றால், ஓட்டை போன வருடமே இருந்திருக்கிறது. அதை அடைக்காமல் உங்கள் காசை அதற்குள் ஊதியிருக்கிறார்.

அல்லது கேஸ் குறையவே இல்லை. கதவு ரப்பர் தளர்ந்திருக்கலாம், குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருக்கலாம். ரப்பரை நீங்களே பார்க்கலாம். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். கேஸுக்குச் சொன்ன தொகையில் ஒரு பகுதிதான் ஆகும்.

அடுத்த முறை மெக்கானிக் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஓட்டை எங்கே?” நல்ல வேலைக்காரர் குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, சோப்பு நுரை வைத்து இடத்தைக் காட்டுவார். அடைத்த பிறகு வேக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பழைய ஃபில்டரை மாற்றி, அப்புறம்தான் கேஸ் ஏற்றுவார். ஓட்டையைக் காட்டாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ் என்று எழுதியிருக்கும். ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் கேஸ். அதற்குப் பழகாதவர் குழாயை ஒட்ட வீட்டுக்குள் பர்னரைக் கொளுத்த விடாதீர்கள். அதற்குப் பதிலாக ஆர்134ஏ என்ற வேறு கேஸை ஏற்றுகிறேன் என்பவரையும் அனுப்பிவிடுங்கள். அந்த கம்ப்ரஸர் இந்தக் கேஸுக்காகச் செய்யப்பட்டதில்லை.

ஃப்ரீசரில் உறைந்த ஐஸைக் கத்தியால் கொத்தினீர்களா? ஓட்டை அங்கே என்றால் ஒட்டுப் போட்டாலும் பெரும்பாலும் நிற்காது. அந்த ஃபிரிட்ஜுக்கு இனிமேல் செலவு செய்யாதீர்கள். ஓட்டை பின்பக்கம் வெளியே தெரியும் குழாயில் என்றால் அடைத்துவிடலாம்.

அடைக்க முடிகிறது என்றால், அடைத்த பிறகு வைத்திருப்பது லாபமா என்பதை உங்கள் இ.பி. மீட்டரே சொல்லும். ஒரு நாள் ஊருக்குப் போகும்போது மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஓட விடுங்கள். கிளம்பும்போதும் 24 மணி நேரம் கழித்தும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2.5 யூனிட் ஓடியிருந்தால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். புதிய ஃபிரிட்ஜின் ஸ்டார் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 180 என்றால் இரண்டு மாதத்துக்கு 30. மிச்சம் 120 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பில்லுக்கு 600 ரூபாய், வருடத்துக்கு 3,600. புதியது நான்கைந்து வருடத்தில் தன் விலையை எடுத்துவிடும். வாங்குங்கள். 1.25 யூனிட்தான் ஓடியது என்றால் மிச்சம் வருடத்துக்கு 1,350 ரூபாய்தான். பழையதைச் சரிசெய்து ஓட்டுங்கள். உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். நம் தமிழ்நாட்டுக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் குறைந்த விலையும் கைவிட்டுப் போய்விடும். அந்த வீட்டுக்குப் பழைய ஃபிரிட்ஜ் இன்னும் அதிகச் செலவு வைக்கும். வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணாமல் யூனிட்டைப் படியுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை ஸ்டார் கொடுக்கும் அளவுகோலை இறுக்குவதால் அன்றைய ஐந்து ஸ்டார் இன்றைய ஐந்து ஸ்டாருக்குச் சமமில்லை.

எக்ஸ்சேஞ்ச் 2,000 ரூபாய் என்பதை அப்படியே நம்பாதீர்கள். பழையது இருப்பதைச் சொல்லாமல், கையில் காசோடு வந்தால் கடைசி விலை என்ன என்று முதலில் கேளுங்கள். அப்புறம் எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேளுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய பெட்டிக்கு அவர்கள் கொடுக்கும் உண்மையான மதிப்பு. பல கடைகளில் அது 500 ரூபாய்கூட வராது.

வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள். 2.5 யூனிட் தின்னும் பெட்டியைக் கொடுத்தால் மின் கட்டணத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறீர்கள். அவர் வாடகைக்கு இருந்து, வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார் என்றால், அரசு தரும் இலவச யூனிட்டும் அவருக்கு வந்து சேராது. நமக்குக் கட்டுப்படியாகாதது அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? ஓட்டையை அடைத்து, ரப்பர் மாற்றி, மீட்டரில் சோதித்து, குறைவாகத்தான் தின்கிறது என்று தெரிந்தால் மனதாரக் கொடுங்கள்.

காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான் என்றால், எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். கடைக்காரர் குழாயை வெட்டி கேஸைக் காற்றில் விடுவார், கம்ப்ரஸரைப் பிரிப்பார், வயரை எரித்துச் செம்பு எடுப்பார், பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு ஓடைக்கரைக்குப் போகும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்காக நான் ஒரு கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன். புதியது வாங்கினால் எடுத்துக்கொள்வோம் என்பதே நான்கு முறையும் பதில். இருந்தாலும் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால்தான் அசைவார்கள். கம்பெனி எண்ணை மட்டும் பில்லிலோ வாரண்டி அட்டையிலோ பார்த்து எடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது பல நேரம் யாரோ ஒருவரின் விளம்பரம்.

கிரைண்டர் வேறு கதை. அதைத் தொடாதீர்கள். ஃபிரிட்ஜ் இரவும் பகலும் ஓடுவதால்தான் யூனிட் கணக்குப் பார்த்தோம். கிரைண்டர் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஓடும், மணிக்கு அரை யூனிட்கூட ஆகாது. அதில் மின்சாரத்தை மிச்சம் பிடித்து எந்தக் காலத்திலும் புதியதன் விலையை எடுக்க முடியாது. 20 வருடம் முன்பு வாங்கிய கனமான கல்லை 1,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மேசைமேல் வைக்கும் சின்னக் கிரைண்டர் வாங்கியவர்கள், மாவு பொங்கவில்லை என்று என்னிடமே வந்து நிற்கிறார்கள். பெல்ட் போனால் மாற்றலாம், புஷ் தேய்ந்தால் மாற்றலாம். மோட்டார் எரிந்தால் காயில் கட்டலாம். அப்போது செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேட்டு, செம்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய செம்பை எடுத்துக்கொண்டு அலுமினியத்தைச் சுற்றித் தருகிறவர்கள் உண்டு. முடிந்தால் பழைய கம்பியைத் திருப்பிக் கேளுங்கள், எடைக்குப் போட்டாலே காசு.

மாவு நைசாக அரைபடாமல் திப்பிதிப்பியாக வந்தால் கல் வழுவழுப்பாகிவிட்டது என்று அர்த்தம். கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு உள்கல்லையும் குழவியையும் சேர்த்தே கொத்தச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கொத்தினால் மற்றது அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும். கொத்தியதும் கழுவிவிட்டு, ரேஷன் அரிசி ஒரு ஆழாக்கு ஊறவைத்து அரைத்துக் கொட்டிவிடுங்கள். அதில் கல்தூள் இருக்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இல்லாமல் வரும்வரை இரண்டு மூன்று தடவை அரைத்துவிட்டு, அப்புறம் இட்லிக்குப் போடுங்கள்.