காட்டுக்குள் ஒளியும் பறவைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், பகல் முழுக்க நடந்தும் தீக்காக்கை கண்ணில் படவே இல்லை. ஏன்?

நடந்ததால்தான். தீக்காக்கை நடுமட்டக் கிளையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆண் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சிவப்பு வயிறு தெரியாது, வெறும் பழுப்புதான். பூச்சியைப் பிடிக்கச் சட்டென்று பாயும்போதுதான் கண்ணில் படும். அதற்கு நீங்கள் நிற்க வேண்டும்.

துடுப்புவால் கரிச்சான் சத்தம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கூடவே சிலம்பன், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் என்று பல இனங்கள் கலந்த இரைதேடும் கூட்டம் வர வாய்ப்பு அதிகம். சில நிமிடங்களில் கடந்துவிடும், பிறகு காடு வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு எச்சரிக்கை: கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து விடும். காதில் விழுந்ததை மட்டும் நம்பிப் பட்டியலில் எழுதாதீர்கள்.

கேள்வி: பைனாகுலர் 10x42 வாங்கலாமா?

8x42. முதல் எண் உருப்பெருக்கம், 42 என்பது முன் லென்ஸின் அகலம் (மி.மீ.). காட்டு இருட்டுக்கு வெளிச்சமும் அகலமான பார்வையும்தான் முக்கியம்.

கேள்வி: ஆறுமணிக்குருவியை, போனில் அதன் குரல் பதிவை ஒலிக்க விட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். காலை, மாலை வேளையில் அதுவே கூவும். மற்ற நேரத்தில் சருகு புரளும் சத்தத்தைக் கவனியுங்கள். தரையில்தான் இரை தேடும்.

கேள்வி: இரவுப் பறவையான தவளைவாயனுக்கு ஒலி போடலாமா?

ஆறுமணிக்குருவிக்குச் சொன்னதுதான்: வேண்டாம்.

கேள்வி: ஒரு நிமிட ஒலியால் என்ன கெட்டுவிடும்? புதரை மிதித்துத் தேடுவதுதான் பெரிய கேடு.

மிதிப்பதை யார் சரி என்றது? அதுவும் கூடாது. ஆனால் ஒலி உங்களுக்குத்தான் ஒரு நிமிடம். பறவைக்கு அது தன் எல்லைக்குள் நுழைந்த எதிரி. இரையை விட்டு, சில நேரம் கூட்டையும் விட்டுச் சண்டைக்கு வரும். தவளைவாயன் இடுவதே ஒரு முட்டை. உங்களுக்குப் பின்னால் அதே பாதையில் அடுத்த குழுவும் போனை எடுக்கும், அதற்கடுத்த குழுவும் எடுக்கும். எல்லாருக்கும் "ஒரே நிமிடம்"தான்!

கேள்வி: அண்ணா, அடையாளம் தெரியாத கூவல் கேட்டது. விட்டுவிடலாமா?

விடவே விடாதீர்கள், பதிவு செய்யுங்கள். போனுக்குக் காட்டில் அதுதான் வேலை. இலங்கையில் தீபால் வரகாகொட 1995-ல் கித்துல்கல காட்டில் புதிய குரல் ஒன்றைக் கேட்டார். 2001-ல் சிங்கராஜ காட்டில் அந்தப் பறவை கண்ணில் பட்டது, சின்ன ஆந்தை. 2004-ல் புதிய இனமாக விவரித்தார்கள்.

கேள்வி: அட்டைக்கு என்ன வழி?

அட்டைக் காலுறை. பேன்ட்டை அதற்குள் செருகிக் கட்டுங்கள்.

கேள்வி: ஒலியை மெதுவாக வைத்துப் போட்டால்?

அடுத்த கேள்வி.