முன்விரோதம் இல்லையென்றால் கொலை இல்லையா?

கேள்வி: எங்கள் ஊர்க் கரையில் வலை அறுந்த தகராறில் ஒருவர் துடுப்பை எடுத்து இன்னொருவரின் தலையில் ஒரே ஒரு அடி அடித்தார். அடிபட்டவர் மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துவிட்டார். இருவரும் மாமன் மச்சான். முன்விரோதம் எதுவும் கிடையாது. இரு வீட்டாரும் ஊர்க்கூட்டத்தில் சமாதானமாகிவிட்டார்கள். ஆனாலும் போலீஸார் கொலை வழக்காக மாற்றிவிட்டார்கள். பகையே இல்லாதபோது கொலை எப்படி வரும்?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்.

பதில்: தாராளமாக வரும். 'முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை' என்று நாள்தோறும் செய்தித்தாளில் படித்துப் படித்து, முன்விரோதம் இருந்தால் கொலை, இல்லாவிட்டால் கைத்தவறு என்றொரு கணக்கு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பலர் மனத்திலும் பதிந்துபோயிருக்கிறது. அந்தக் கணக்கு சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவை, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவை, எடுத்துப் படித்துப் பாருங்கள். கொல்லும் நோக்கம் இருந்ததா, இயல்பான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமான காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்ததா, செய்கிற காரியம் உயிரைப் பறித்தே தீரும் அளவுக்கு ஆபத்தானது என்பது தெரிந்திருந்ததா என்றெல்லாம் அது கேட்கிறதே தவிர, செத்தவனை இவன் வெறுத்தானா என்று கேட்பதில்லை. எந்தக் காரணமுமின்றிக் கூட்டத்தைப் பார்த்துப் பீரங்கியைச் சுட்டு ஒருவரைக் கொன்றவன், குறிப்பிட்ட எவரையும் கொல்லத் திட்டமிடாவிட்டாலும் கொலையாளிதான் என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டும் தருகிறது.

வன்மத்தைக் கொலையின் இலக்கணத்திலேயே சேர்த்துச் சொன்னது இங்கிலாந்தின் பொதுச் சட்டம். அங்கேயும் நெஞ்சில் நஞ்சு இருந்தாக வேண்டும் என்பதில்லை. கொல்லவோ கொடுங்காயம் விளைவிக்கவோ எண்ணியிருந்தால் போதும். நோயில் துடிக்கும் தாயைப் பார்க்கச் சகியாமல் அவள் மூச்சை நிறுத்துகிற மகனும் அந்த நாட்டில் கொலைக் குற்றவாளியே. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1912ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இன்னும் பொருத்தமானது. காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவனுக்கு நஞ்சு கலந்த அல்வா கொடுக்கப்பட்டது. அவன் கொஞ்சம் தின்றுவிட்டு எறிந்ததை ஒரு சிறுமி எடுத்துத் தின்று இறந்தாள். கொடுத்தவனுக்கு அந்தக் குழந்தையின் மீது என்ன பகை இருந்திருக்க முடியும்? அவளைக் கொன்ற குற்றத்துக்கே அவன் தண்டிக்கப்பட்டான்.

உங்கள் ஊர் வழக்குக்கு நெருக்கமானது 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கு. வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. கொடுங்காயம் விளைவிப்பது மட்டுமே குத்தியவனின் நோக்கம் என்று செஷன்ஸ் நீதிமன்றமே சொல்லியிருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் அந்தக் காயத்தை அவன் வேண்டுமென்றே ஏற்படுத்தினான், அது சாவை விளைவிக்கப் போதுமானது என்ற இரண்டும் நிறுவப்பட்டதால் கொலைதான் என்று நீதிபதி விவியன் போஸ் எழுதினார். ஆகவே 'ஒரே அடி' என்பதை ஒரு வாதமாக நீங்கள் நம்பியிருக்க வேண்டாம்.

நம்புவதற்கு வேறு இடம் இருக்கிறது. முன்திட்டமின்றித் திடீரென மூண்ட சண்டையில், ஆத்திரத்தின் வேகத்தில் நடந்த கொலை, அடித்தவர் மிதமிஞ்சிய சாதகம் எடுத்துக்கொள்ளாமலும் கொடூரமாக நடந்துகொள்ளாமலும் இருந்தால், கொலையாகாத மரணம் விளைவித்தலாகச் சுருங்கும். முதலில் கை ஓங்கியது யார் என்பதும் இதில் முக்கியமில்லை. மரண தண்டனை அல்லது ஆயுள் என்ற 103ஆம் பிரிவிலிருந்து வழக்கு 105ஆம் பிரிவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்குமா என்பது சின்னச் சின்ன விவரங்களில்தான் இருக்கிறது. துடுப்பு படகோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்ததா, அல்லது வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாரா? அகன்ற பக்கம் பட்டதா, விளிம்பு பட்டதா? நின்றவரை அடித்தாரா, மணலில் விழுந்து கிடந்தவரையா? எதிரில் நின்றவர் கையிலும் ஏதாவது இருந்ததா? உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. உறவுமுறை மட்டும் இருக்கிறது.

முன்விரோதம் சாட்சியத்துக்கு உதவும், அவ்வளவே. இருந்தால் நோக்கத்தை ஊகிக்க எளிது; இல்லையென்றால் திடீர்ச் சண்டை என்ற வாதத்துக்கு வலுச் சேரும். பத்து வருடப் பகையாளியை ஒருவர் தற்காப்புக்காக அடித்து, அவன் இறந்துபோனால் அது குற்றமே ஆகாமலும் போகலாம்.

கடைசியாக, அந்தச் சமாதானம். கொலையும் கொலையாகாத மரணம் விளைவித்தலும் இரு வீட்டார் கைகுலுக்கி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்கள் அல்ல. ஊர்க்கூட்டத்தில் எழுதி வாங்கிய தாளால் வழக்கு நிற்காது. அதைவிடக் கெடுதல், ஊரின் பேச்சைக் கேட்டு, நேரில் பார்த்த சாட்சிகளே 'நான் பார்க்கவில்லை' என்று பிறழ்வது. திடீர்ச் சண்டை என்ற விதிவிலக்கை நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. அடியை மட்டும் சொல்ல ஒரு சாட்சி மிஞ்சி, அதற்கு முந்தைய தகராறைச் சொல்ல ஆளில்லாமல் போனால், நீங்கள் காப்பாற்ற நினைக்கிறவருக்குத்தான் ஆயுள் தண்டனை விழும்.